மாஸ்கோ முதல் விளாதிவஸ்தோக் வரை: ஏழு நாள் ரயிலில் உட்கார முடியுமா?

12 டிசம்பர் 2019, கேள்வி

அப்பா ரயில்வேயில் இன்ஜின் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். வயது 63. சர்க்கரை உண்டு, கட்டுப்பாட்டில் இருக்கிறது. மாஸ்கோவில் ஏறி விளாதிவஸ்தோக்கில் இறங்க வேண்டும் என்று பத்து வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். வரும் மே மாதம் கூட்டிப் போகலாம் என்று இருக்கிறேன். 9,288 கிலோமீட்டர், ஏறக்குறைய ஏழு நாள். விமானத்தில் எட்டரை மணி நேரம். என் கேள்வி ஒன்றுதான்: ஏழு நாள் ஒரே பெட்டியில் உட்கார்ந்தால் மனிதருக்குப் பைத்தியம் பிடிக்காதா? போய் வந்தவர்கள் சொல்லவும்.

12 டிசம்பர் 2019, இரவு

போய் வந்தேன். இந்த செப்டம்பர் கடைசியில், மனைவியோடு. பைத்தியம் பிடிக்கவில்லை. மூன்றாம் நாள் பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனது.

தம்பி, நீங்கள் ‘உட்கார்ந்தால்’ என்று எழுதியதில்தான் கோளாறு. அந்த வண்டியில் யாரும் உட்கார்ந்து போவதில்லை, குடியிருந்து போகிறார்கள். மாஸ்கோ யாரஸ்லாவ்ஸ்கி நிலையத்தில் கோட்டும் பூட்ஸுமாக ஏறியவர்கள், வண்டி நகர்ந்த பத்து நிமிடத்தில் பனியனும் அரைக்கால் சட்டையும் ரப்பர் செருப்புமாக மாறிவிட்டார்கள். படுக்கைத் துணி உறைபோட்டு வந்தது. விரித்தார்கள், ஆளுக்கொரு குவளையை எடுத்து மேஜையில் வைத்தார்கள், வெள்ளரிக்காய் நறுக்க ஆரம்பித்தார்கள். நானும் மனைவியும் மட்டும் ஏதோ கல்யாண வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி பேன்ட்டும் சுடிதாருமாகக் கைகட்டி உட்கார்ந்திருந்தோம்.

வகுப்பு மூன்று. பிளாட்ஸ்கார்ட் என்பது நம் ஸ்லீப்பர் போலத் திறந்த பெட்டி, 54 படுக்கை. கூபே என்பது நாலு பேர் அறை, கதவு உண்டு, பெட்டிக்கு 36 பேர். அதற்கு மேலே இரண்டு பேர் அறை, அதன் விலையைப் பார்த்துவிட்டு அப்படியே மூடிவிட்டேன். காசு இருந்தால் அப்பாவுக்குக் கூபே போடுங்கள். யோசிக்கவே வேண்டாம்.

13 டிசம்பர் 2019

ஒன்று சொல்ல விட்டுப்போனது. நாங்கள் ஒரே மூச்சில் போகவில்லை. இர்கூத்ஸ்க் வரை மூன்றரை நாள், அங்கே இறங்கி இரண்டு நாள் தங்கினோம். மறுபடி ஏறி விளாதிவஸ்தோக் வரை மூன்று நாள். முதல் பாதி பிளாட்ஸ்கார்ட், இரண்டாவது கூபே. நேற்று எழுதியதைப் படித்தால் ஏழு நாளும் தவம் கிடந்த மாதிரி தோன்றுகிறது. இல்லை.

நடுவில் இறங்கும் எண்ணம் இருந்தால் டிக்கெட்டைத் தனித்தனியாகத்தான் எடுக்க வேண்டும். வழியில் இறங்கிவிட்டு அதே டிக்கெட்டில் வேறு வண்டி பிடிக்கலாம் என்று எண்ண வேண்டாம்.

13 டிசம்பர் 2019, இரவு

படுக்கை எண் பற்றிக் கேட்டவருக்கு. இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு யாரும் சொல்லவில்லை.

பிளாட்ஸ்கார்ட்டில் 1 முதல் 36 வரை உள்பக்கம். ஒற்றைப்படை கீழ், இரட்டைப்படை மேல். 37 முதல் 54 வரை நம் சைடு லோயர், சைடு அப்பர். எண் திரும்பி வருவதால் 37, 38 இரண்டும் பெட்டியின் கடைக்கோடியில், கழிவறைக் கதவை ஒட்டி இருக்கும். 35, 36 அதற்கு எதிரே. எனக்கு டிக்கெட் எடுத்துக் கொடுத்த முகவர் ‘எல்லாம் நல்ல இடம் சார்’ என்று சொல்லித் தந்தது 36, 37.

இரவெல்லாம் கதவு. திறக்கும், சாத்தும். 54 பேரில் பாதிப்பேர் அந்தக் கதவுக்குத்தான் வருவார்கள். ஒவ்வொருவர் சாத்தும் விதத்தை வைத்தே யார் என்று சொல்லும் அளவுக்கு மூன்றாம் இரவில் தேர்ச்சி பெற்றிருந்தேன்.

சைடு லோயரில் பகலில் நடுவே மேஜை, இரவில் அந்த மேஜைப் பலகையைப் புரட்டிப் போட்டால் படுக்கை. என் உயரம் 5 அடி 6 அங்குலம், எனக்கே கால் முட்டியது.

எங்கள் பகுதியில் 35-ஆம் எண்ணில், அதாவது மனைவிக்குக் கீழே, க்ராஸ்னயார்ஸ்க் போகிற ஒரு பாட்டி. எழுபதைத் தாண்டியவர். முதல் நாள் இரவு என்னைப் பார்த்து உரக்க ஏதோ திட்டினார். நாங்கள் கையால் சாப்பிட்டதைப் பார்த்திருப்பார் என்று நினைத்தேன். சிலருக்கு நம்மைப் பிடிக்காது, என்ன செய்வது.

14 டிசம்பர் 2019

நேற்று எழுதியதை மனைவி படித்துவிட்டார். திருத்தம் போடச் சொல்லி உத்தரவு.

பாட்டி திட்டியது கையால் சாப்பிட்டதற்காக இல்லையாம். நான் வெறுங்காலோடு கழிவறைக்குப் போய்விட்டு வந்ததற்காம். அவர் திரும்பத் திரும்பச் சொன்ன சொல் ‘தாப்பச்கி’. வீட்டுச் செருப்பு என்று பொருள். இதை மனைவி மறுநாளே கைபேசி மொழிபெயர்ப்பில் பார்த்துத் தெரிந்துகொண்டார், என்னிடமும் சொன்னார், நான் காதில் வாங்கவில்லை. இரண்டரை மாதம் அந்தப் பாட்டியை மனதுக்குள் குற்றவாளியாக வைத்திருந்தேன். அவர் சொன்னது என் அம்மா சொல்லியிருக்கக்கூடிய வார்த்தை.

ஆகவே அப்பாவுக்கு எடுத்து வைக்க வேண்டிய முதல் பொருள்: ரப்பர் செருப்பு.

இரண்டாவது பொருள் பற்றியும் சொல்கிறேன், எடுத்து வைக்க வேண்டாதது. பெட்டியைக் கட்டி வைக்கச் சங்கிலியும் பூட்டும் கொண்டுபோயிருந்தேன், நம் பழக்கம். அங்கே கீழ்ப்படுக்கையைத் தூக்கினால் அடியில் பெட்டி வைக்கிற அறை. வைத்து மூடி அதன்மேல் படுத்துக்கொண்டால் ஆயிற்று. சங்கிலியைக் கையில் வைத்துக்கொண்டு கட்ட இடம் தேடியபோது பெட்டிப் பொறுப்பாளர் அம்மா வந்து பார்த்தார். குனிந்து படுக்கைக்கு அடியில் தேடினார். பிறகு ‘கவ், கவ்’ என்று குரைத்துக் காட்டி, எங்கே என்று கையை விரித்தார். நாய்க்குத் தனி டிக்கெட் எடுக்க வேண்டுமே என்ற கவலை அவருக்கு.

15 டிசம்பர் 2019

நேரக் கணக்கு. நான் படித்த வழிகாட்டியில் ‘ரஷ்யா முழுக்க ரயில் கடிகாரம் மாஸ்கோ நேரத்தைத்தான் காட்டும்’ என்று இருந்தது. அதையே நம்பிப் போங்கள், குழப்பம் வராது.

15 டிசம்பர் 2019, ஒரு மணி நேரம் கழித்து

மேலே எழுதியது தவறு, நம்ப வேண்டாம். துபாயிலிருந்து எழுதும் நண்பர் இங்கே சுட்டிக்காட்டியது சரி. 2018 ஆகஸ்டு 1 முதல் டிக்கெட்டிலும் நிலையத்திலும் உள்ளூர் நேரம்தான். என் வழிகாட்டி அதற்கு முந்தையது. இதில் வெட்கம் என்னவென்றால், இந்தத் தவற்றால் நானே இர்கூத்ஸ்கில் ஐந்து மணி நேரம் குழம்பினேன். மாலை வண்டியை இரவு வண்டி என்று எண்ணி ஆற்றங்கரையில் உலாத்திக்கொண்டிருந்தோம். மனைவி டிக்கெட்டை எடுத்துப் பார்த்திருக்காவிட்டால் வண்டி எங்களை விட்டுவிட்டுப் போயிருக்கும். அனுபவப்பட்டும் பழைய பாடத்தையே ஒப்பித்திருக்கிறேன் பாருங்கள்.

சரி, இனி சரியான கணக்கு. மாஸ்கோவுக்கும் விளாதிவஸ்தோக்குக்கும் ஏழு மணி நேர வித்தியாசம். கிழக்கே போகப் போக ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ ஒரு மணி நேரம் களவு போகிறது. விமானப் பயணம் மாதிரி உடம்பு ஒரே அடியில் சாய்வதில்லை, ஆனால் எந்த நாளும் எதுவும் அதன் நேரத்துக்கு நடப்பதில்லை. காலைக் காப்பி குடித்து முடிப்பதற்குள் பக்கத்து இருக்கையில் மதியச் சாப்பாடு. அப்பாவின் மாத்திரை விஷயத்தில் என்னைக் கேட்காதீர்கள், மருத்துவரிடம் ஒரு அட்டவணை எழுதி வாங்குங்கள். கைக்கடிகாரத்தை மாற்றுவதா வேண்டாமா என்பதையும் அவரே சொல்லட்டும்.

ஒரு வேடிக்கை. யெகாத்தரீன்பர்க் நம்மைவிட அரை மணி பின்னால். அடுத்து வரும் ஓம்ஸ்க் நம்மைவிட அரை மணி முன்னால். அதாவது இந்திய நேரத்தை எங்கேயோ வழியில் தாண்டிப் போகிறோம், ஆனால் அந்த நேரத்தில் நிற்கிற நிலையம் ஒன்றுகூடக் கிடையாது. மனைவி அந்த இடைவெளியில்தான் மாமியாருக்கு, அதாவது என் அம்மாவுக்கு, போன் செய்ய முயன்றார். நிலையத்தை விட்டு வண்டி நகர்ந்ததும் சிக்னல் போய்விடும். ‘சாப்பிட்டீங்களா’ என்று கேட்டதற்கு அடுத்த ஊரில்தான் பதில் வந்தது.

17 டிசம்பர் 2019

சாப்பாடு. மனைவி சைவம், முட்டையும் கிடையாது. நான் எல்லாம் சாப்பிடுவேன் என்று சொல்லிக்கொள்பவன்.

ஒவ்வொரு பெட்டியின் முனையிலும் ஒரு பெரிய வெந்நீர்க் கொதிகலன் இருக்கிறது. இரவு பகல் எந்நேரமும் கொதிநீர், இலவசம். அந்த நாட்டு ரயில் வாழ்க்கையே அதைச் சுற்றித்தான். குழாயடி மாதிரி. ஆளுக்கொரு குவளையோடு வரிசையில் நிற்பார்கள். யார் எங்கே போகிறார், யார் மகனுக்கு எங்கே வேலை என்பதெல்லாம் அங்கேதான் பேசப்படும் போல, எனக்குப் புரியாவிட்டாலும் முகத்தைப் பார்த்தால் தெரிந்தது.

குவளை கொண்டுபோகாவிட்டாலும் பரவாயில்லை. பெட்டிப் பொறுப்பாளரிடம் கேட்டால் கண்ணாடித் தம்ளரும் அதைச் செருகப் பிடிவைத்த உலோகக் கூடும் தருவார். வண்டி குலுங்கும்போது கரண்டி தம்ளரில் இடித்துக் கிணுகிணு என்று சத்தம் போடும். 54 பேர் பெட்டியில் பத்துத் தம்ளர் ஒரே நேரத்தில் கிணுகிணுத்தால் மாட்டு வண்டியில் போகிற மாதிரி இருக்கும்.

அங்குள்ளவர்கள் கொதிநீரில் நூடுல்ஸும், உருளைக்கிழங்கு மாவைக் கரைத்த மசியலும் சாப்பிடுகிறார்கள். நூடுல்ஸில் இறைச்சிப் பொடி இருக்கும், சைவர்கள் கவனம். எங்களைக் காப்பாற்றியது அவல். இரண்டு கிலோ கெட்டி அவல், ஒரு பாட்டில் புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, நல்லெண்ணெய். அவலில் கொதிநீரை விட்டு மூடி வைத்தால் ஐந்தாம் நிமிடம் புளி அவல். பாட்டிக்கும் ஒரு கரண்டி கொடுத்தோம். வாயில் போட்டு வெகு நேரம் யோசித்தார். பிறகு எழுந்து போய்த் தன் பையிலிருந்து ஒரு பாட்டில் ஊறுகாய் வெள்ளரியைக் கொண்டுவந்து எங்கள் மேஜையில் வைத்தார். பிடித்ததா, பரிதாபப்பட்டாரா என்று இன்றுவரை எங்களுக்குள் வாக்குவாதம்.

நிலையங்களில் உருளைக்கிழங்கு அல்லது முட்டைக்கோஸ் உள்ளே வைத்த பன், பிரஷ்கி என்று பெயர், கிடைக்கும். ‘பெஸ் மியாஸா’, இறைச்சி இல்லாமல், என்று கேட்டு வாங்கவும். பராபின்ஸ்க்கில் அரை மணி நிற்கும், அங்கே மேடையில் புகையூட்டிய மீனைக் கயிற்றில் கோத்து விற்பார்கள். நான் ஒன்று வாங்கினேன். அதைப் பிரித்ததும் மனைவி மேல் படுக்கைக்கு ஏறிவிட்டார், நோவசிபிர்ஸ்க் வரை கீழே இறங்கவில்லை.

18 டிசம்பர் 2019

அவலுக்குப் பதில் அரிசி போடலாமா என்று கேட்டவருக்கு: இல்லை, பச்சரிசியைக் கொதிநீரில் போட்டால் வேகாது. முயன்று பார்த்தாயிற்று.

22 டிசம்பர் 2019

ஜன்னலில் என்ன தெரியும் என்று கேட்டவர்களுக்கு: பூர்ச்ச மரம். வெள்ளைத் தண்டு, அந்தப் பருவத்தில் மஞ்சள் இலை. முதல் மணி நேரத்தில் நூறு படம் எடுத்தேன். இரண்டாம் நாள் அதே மரம். மூன்றாம் நாளும் அதே மரம். வீட்டுக்கு வந்து படங்களைப் பார்த்தால் எது எந்த நாள் என்று பிரிக்க முடியவில்லை.

யூரல் மலையைப் பெரிதாக எதிர்பார்த்தேன், ஐரோப்பாவையும் ஆசியாவையும் பிரிக்கிற மலையாயிற்றே. 1,777-ஆவது கிலோமீட்டரில் எல்லைத் தூண் இருக்கிறது. ஜன்னலோடு ஒட்டி நின்றிருந்தேன். தும்மினேன். போய்விட்டது. மலை என்பது அங்கே மேடு, அவ்வளவுதான். ஓம்ஸ்க்குக்கும் நோவசிபிர்ஸ்க்குக்கும் நடுவே நிலம் தட்டைத் தாம்பாளம், சதுப்பும் புல்லும்.

ஆனால் பைக்கால் ஏரி வேறு. இர்கூத்ஸ்கை விட்டு வண்டி மலை ஏறி வளைந்து இறங்கும்போது கீழே தெரிய ஆரம்பிக்கும். பிறகு சுமார் 200 கிலோமீட்டர் ஏரிக்கரையை ஒட்டியே ஓட்டம். கடல் என்று சொன்னால் நம்பலாம், உப்பு வாசனை மட்டும் இல்லை. 1,642 மீட்டர் ஆழம், உலகத்தில் உறையாமல் நிலத்தின்மேல் கிடக்கிற நன்னீரில் ஐந்தில் ஒரு பங்கு இதில் இருக்கிறது என்பார்கள். மூன்றரை நாளாகக் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்த பெட்டியே ஜன்னலுக்கு வந்தது. கிழக்கே போகிறவர்களுக்கு இடப்பக்கம். முக்கியம்: பகலில் அந்தப் பகுதியைக் கடக்கிற வண்டியாகப் பார்த்து எடுங்கள். மற்றதெல்லாம் இருட்டில் போனாலும் நஷ்டமில்லை.

ஏரிக்கரை ஊரான ஸ்ல்யுத்யான்காவில் நிலையக் கட்டடம் பளிங்குக் கல்லில் கட்டியது. அங்கே மேடையில் மீன் விற்றார்கள், ஓமுல் என்று. பைக்காலில் ஓமுலை வணிகத்துக்குப் பிடிக்க 2017-இல் தடை போட்டிருந்தார்கள். விற்றது ஓமுல்தானா என்று விசாரிக்க எனக்கு மொழி போதவில்லை. வாங்கவும் இல்லை, மனைவி பக்கத்திலேயே நின்றார்.

23 டிசம்பர் 2019

தம்பி, இது உங்கள் அப்பாவுக்கு. ஏரியைச் சுற்றிப் பாதை போடுவதற்கு முன்னால் ரயில் பெட்டிகளைக் கப்பலில் ஏற்றித்தான் பைக்காலைக் கடத்தியிருக்கிறார்கள். பனியை உடைத்துக்கொண்டு போகிற கப்பல். இங்கிலாந்தில் நியூகாஸிலில் செய்து, துண்டு துண்டாகப் பிரித்துக் கொண்டுவந்து, ஏரிக்கரையில் பூட்டியது. 1904-இல் ஜப்பானோடு போர் வந்தபோது குளிர்காலம், கப்பல் போதவில்லை. உறைந்த ஏரிமேலேயே தண்டவாளம் போட்டுவிட்டார்கள். பெட்டிகளைக் குதிரைகள் இழுத்தன.

இந்த ரயில் பாதை வேலை தொடங்கியது 1891 மே மாதம், விளாதிவஸ்தோக்கில். தொடங்கி வைத்தவர் பட்டத்து இளவரசர் நிக்கலாய். இந்தியா, இலங்கை எல்லாம் சுற்றிப் பார்த்துவிட்டு ஜப்பான் போனவரை அங்கே ஒரு போலீஸ்காரர் வாளால் தலையில் வெட்டினார். பிழைத்துக்கொண்டார். அந்தக் காயத்தோடு விளாதிவஸ்தோக் வந்துதான் மண்வெட்டி பிடித்தார். ஹபரோவ்ஸ்க்கில் அமூர் ஆற்றுப் பாலம் 1916-இல் முடிந்த பிறகுதான் ரஷ்ய மண்ணிலேயே முழுப் பாதை. மறுவருடம், அதற்குள் மன்னராகியிருந்த நிக்கலாயின் பதவி போயிற்று.

‘நம் விவேக் எக்ஸ்பிரஸ்தான் உலகத்திலேயே நீளம்’ என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். திப்ருகர் முதல் கன்னியாகுமரி வரை நாலாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர். நம் நாட்டில் நீளமானது, அவ்வளவுதான். இதில் பாதிகூட இல்லை. கோபிக்க வேண்டாம்.

4 ஜனவரி 2020

முதல் நாள் ‘கூபே போடுங்கள், யோசிக்கவே வேண்டாம்’ என்று எழுதினேன். மூன்று வாரமாக அதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இங்கே இதுவரை நான் எழுதியதை எண்ணிப் பாருங்கள். பாட்டி, நாய், அவல், கிணுகிணுத் தம்ளர், எல்லாமே கழிவறை ஓரத்துப் பிளாட்ஸ்கார்ட்டில் நடந்தவை. கூபேயில் மூன்று நாள் போனேனே, அதைப் பற்றி ஒரு வரி எழுதினேனா? எழுத ஒன்றுமில்லை. கூட இரண்டு பேர், எங்கோ சுரங்க வேலைக்குப் போகிறவர்கள். நல்லவர்கள். ஏறியதும் கைகுலுக்கினார்கள், தூங்கினார்கள், சிட்டா தாண்டி ஒரு நடுராத்திரியில் இறங்கினார்கள். கதவைச் சாத்திவிட்டால் அது அறை. அமைதி. சுத்தம். பைத்தியம் எட்டிப் பார்த்த ‘மூன்றாம் நாள்’ என்று முதல் குறிப்பில் எழுதியது கூபேயின் மூன்றாம் நாள், இப்போதுதான் நினைவு வருகிறது.

ஆகவே: பிளாட்ஸ்கார்ட்டே போங்கள். கழிவறைப் பக்கம் மட்டும் வேண்டாம்.

4 ஜனவரி 2020, இரவு

மனைவியின் கருத்து, அவர் சொல்லச் சொல்ல எழுதுகிறேன்:

“இவர் கீழ்ப் படுக்கையில் காலை நீட்டிக்கொண்டு எல்லாரையும் வேடிக்கை பார்த்தார். நான் 36, மேல் படுக்கை. ஏறுவதற்கு ஏணி கிடையாது, ஒரு சின்ன மிதிப்படி. சேலையோடு முடியாது, சுடிதாரோடும் கஷ்டம். மேலே நிமிர்ந்து உட்கார முடியாது, அதற்கு மேலேயும் சாமான் பலகை. பகலில் உட்கார வேண்டுமென்றால் பாட்டி எழுந்து இடம் விட வேண்டும். அவர் விட்டார், நல்ல மனசு. விடாதவராக இருந்தால்? மூன்று இரவும் வெளிச்சம் முகத்தில். கூபேயில்தான் நான் தூங்கினேன். அந்த ஐயாவுக்கு 63 வயது. கூபே, கீழ்ப் படுக்கை. கதை வேண்டுமென்றால் வெந்நீர் பிடிக்கப் போகிற இடத்தில் நின்று கேட்டுக்கொள்ளட்டும்.”

இதற்குமேல் நான் என்ன சொல்ல.

19 ஜனவரி 2020

குளியல்: கிடையாது. சில புதிய பெட்டிகளில் குளிக்க இடம் உண்டு என்கிறார்கள், எங்களுக்கு வாய்க்கவில்லை. கொதிநீரும் குளிர்நீரும் கலந்து ஒரு சொம்பு, ஒரு துண்டு, கழிவறையில் நின்று துடைத்துக்கொள்வது. சொம்பு கட்டாயம் எடுத்துப் போங்கள், வேறு காரியத்துக்கும் ஆகும். எங்கள் முதல் வண்டி பழைய மாதிரி. பெரிய ஊர் வருவதற்கு முன்னால் கழிவறையைப் பூட்டிவிடுவார்கள், ஊர் தாண்டித்தான் திறப்பார்கள். எந்த ஊர் எப்போது, எத்தனை நிமிடம் நிற்கும் என்ற அட்டவணை பெட்டியிலேயே ஒட்டியிருக்கும். அதைப் படம் எடுத்து வைத்துக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

குளிரைப் பற்றிப் பயப்பட வேண்டாம். ஒவ்வொரு பெட்டிக்கும் தனிக் கொதிகலன், பெட்டிக்குள் பனியன் போதும். எனக்கு வியர்த்தது. ஜன்னலைத் திறக்கப் போனால் பாட்டி முறைத்தார்.

அந்த நாட்டில் புகழ்பெற்ற நம் இந்தி நடிகர் ராஜ் கபூர் பெயரைச் சொல்லி யாராவது கட்டிப் பிடித்தார்களா என்று ஒருவர் கேட்டிருந்தார். ரஷ்யா போய் வந்த எல்லாரும் அதை எழுதுகிறார்கள். எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. கொஞ்சம் எதிர்பார்த்தேன் என்பதும் உண்மை.

2 ஏப்ரல் 2020

தம்பி, மே மாதப் பயணம் ரத்து என்று எழுதியதைப் பார்த்தேன். விமானமே இல்லாதபோது வேறென்ன செய்ய. அப்பா எப்படி இருக்கிறார்? பத்திரமாக இருங்கள்.

இங்கே பத்து நாளாக வீட்டுக்குள்தான். மேஜைக்கும் கொதிகெண்டிக்கும் ஜன்னலுக்குமாக நடக்கிறேன். ‘இப்போது மட்டும் எப்படி முடிகிறது’ என்று மனைவி கேட்கிறார். நிலையம் எதுவும் வரமாட்டேன் என்கிறது, அது ஒன்றுதான் குறை.

11 மார்ச் 2022

இப்போது போகலாமா என்று கேட்டு இந்தப் பழைய கேள்வி பதிலை மறுபடி மேலே கொண்டுவந்தவருக்கு: இப்போது போகாதீர்கள் என்றுதான் சொல்வேன். உக்ரைன் போர் தொடங்கி இரண்டு வாரம் ஆகிறது. விசா, மாஸ்டர்கார்டு என்ற அட்டை நிறுவனங்கள் இரண்டும் அங்கே சேவையை நிறுத்துகின்றன, நம் வங்கி அட்டை அங்கே உதவாது. என் படுக்கைக்கு மேலே, 38-இல் ஒரு பையன் படுத்திருந்தான். பட்டாளத்தில் சேரப் போகிறவன், நாலு வார்த்தைகூடப் பேசவில்லை, முழு நேரமும் தூக்கம். இரண்டு நாளாக அவன் நினைப்பு வருகிறது.

8 செப்டம்பர் 2024

ஐந்து வருடம் கழித்து அதே கேள்வியோடு தம்பி வந்திருக்கிறார். அப்பாவுக்கு இப்போது 68. இன்னும் அதே பேச்சாம்.

போகலாமா வேண்டாமா என்பதை நான் சொல்லமாட்டேன். போர் முடியவில்லை. அந்த நாட்டுக்குக் காசு செலவழித்துப் போவது சரியா என்பதில் எங்கள் வீட்டிலேயே இரண்டு கட்சி. போவது என்று முடிவு செய்துவிட்டால் மட்டும்: 2023 ஆகஸ்டு முதல் நம்மவர்களுக்கு மின் விசா உண்டு, எத்தனை நாள் தங்கலாம் என்பதைப் பார்த்து ரயில் நாளைக் கணக்குப் போடுங்கள். அட்டை இன்னும் உதவாது, பணமாகக் கொண்டுபோய் மாற்ற வேண்டும். வழியில் ஓரிடத்தில் இறங்கி ஓய்வெடுங்கள், 68 வயதுக்கு ஒரே மூச்சு வேண்டாம். கூபே, கீழ்ப் படுக்கை. மனைவி பின்னாலேயே நிற்கிறார்.

10 செப்டம்பர் 2024

பாதை அகலம், மின்சாரம், இன்ஜின் பற்றி அப்பாவே எழுதச் சொல்லிக் கேட்ட கேள்விகளுக்குப் பதில். ஐயா, வணக்கம்.

பாதை அகலம் 1,520 மில்லிமீட்டர். நம் அகலப்பாதை 1,676, நம்முடையதுதான் பெரிது. முழுப் பாதையும் மின்மயமானது 2002-இல். ஆனால் ஒரே மின்சாரம் இல்லை. சில பகுதி 3 கிலோவோல்ட் டி.சி. (நேர்மின்சாரம்), சில பகுதி நம்மைப் போல 25 கிலோவோல்ட் ஏ.சி. (மாறுமின்சாரம்). அதனால் வழியில் மாறும் இடங்களில் இன்ஜினையும் மாற்றுவார்கள். கிழக்கே போகும்போது மாரியின்ஸ்க் அப்படி ஓர் இடம், நோவசிபிர்ஸ்க்குக்கும் க்ராஸ்னயார்ஸ்க்குக்கும் நடுவே. அங்கிருந்து கடைசி வரை ஏ.சி.தான்.

10 செப்டம்பர் 2024, இரவு

மாரியின்ஸ்கில் அரை மணியை ஒட்டி நிற்கும். மேடை தாழ்வு, பெட்டிப் படியில் நிதானமாக இறங்க வேண்டும். இன்ஜின் வரைக்கும் நடக்க வேண்டுமென்றால் உங்கள் பெட்டி எண்ணைப் பொறுத்துக் கால் கிலோமீட்டர்கூட இருக்கலாம், கிளம்பும் நேரத்தைப் பெட்டி அம்மாவிடம் கேட்டுக்கொண்டு போகவும். ‘ஸ்கோல்கோ ஸ்தாயிம்’ என்றால் எத்தனை நிமிடம் நிற்கிறோம் என்று பொருள்.

இன்ஜினைக் கழற்றி மாட்டுகிறவர்கள் எந்தப் பக்கம் நின்று வேலை செய்வார்கள், பார்க்க விடுவார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். ஐயா, எனக்குச் சொல்லத் தெரியவில்லை. எங்கள் வண்டி மாரியின்ஸ்கில் நின்றபோது அதிகாலை, முதல்முறையாக அந்தக் கழிவறைக் கதவு சத்தமே போடவில்லை, பூட்டியிருந்தார்கள். நான் நன்றாகத் தூங்கிவிட்டேன்.